காத்திருந்த ஐந்து பேர்

ஒரு கதாசிரியன் தன் கதையைத் தானே விமரிசனம் செய்வது அவ்வளவு நல்ல பழக்கம் அல்ல. அடக்கம் என்ற பெயரில் தற்பெருமை வந்துவிடும்; அல்லது, குறையெல்லாம் வாசகன் தலையில் போய் விழும். ஆனாலும் இந்தக் கட்டுரையை என் தோற்றுப்போன கதை ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பட்டணத்து வாழ்க்கையையும், செல்போனை விட்டுக் கையை எடுக்க முடியாத பெரியவர்களையும் பற்றித் தமிழில் ஏன் நல்ல கதை வரவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மற்றவர்கள் எழுதியதைக் குறை சொல்லுமுன், நான் எழுதியது ஏன் தேறவில்லை என்று சொல்லிவிடுவது மரியாதை.

கதை இதுதான். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. அதில் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். மனைவி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் மாதங்கள் ஆகின்றன. அவர் இணையத்தில் பணம் வைத்து ரம்மி ஆட ஆரம்பிக்கிறார். முதலில் ஐம்பது ரூபாய், பிறகு ஐந்நூறு, பிறகு ஐயாயிரம். கடைசியில் பிராவிடண்ட் பண்டில் பெரும் பகுதி போய்விடுகிறது. மனைவி திரும்பி வருகிற நாள் அவர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அந்த அம்மாள் பெட்டிகளோடு வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதோடு கதை முடிகிறது.

பத்திரிகையில் வந்தபோது கதைக்கு நல்ல வரவேற்பு. "ஒவ்வொரு குடும்பத்திலும் படிக்க வேண்டிய கதை" என்று இரண்டு மூன்று பேர் எழுதினார்கள். ஒரு கதைக்கு இந்தப் புகழ் கிடைத்தால் கதாசிரியன் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை; சந்தோஷப்பட்டேன்.

கதை என் நண்பர் ஒருவருடையது. அவருடைய அனுமதியோடு, ஊரையும் தொகையையும் கொஞ்சம் மாற்றி எழுதியது. இதழ் வெளிவந்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். காப்பி கொடுத்தார். கதையைப் படித்துவிட்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பணம் போன கணக்குகூடச் சரி. ஆனா நான் ஏன் ஆடினேன்னு எழுதலையே சார்."

"ஆசைதானே காரணம்?" என்றேன்.

"ஆசை இல்லேன்னு சொல்லலை. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஆட்டத்திலே அஞ்சு பேர் உட்கார்ந்திருப்பாங்க. பேர் தெரியாது, ஊர் தெரியாது. நான் சீட்டை எடுத்துக் கீழே போடற வரைக்கும் அவங்களாலே ஒண்ணும் செய்ய முடியாது. என் முறைன்னா ஒரு மணி அடிக்கும். இந்த ஊர்லே அந்த நேரத்துக்கு எனக்காக வேற யார் சார் காத்துக்கிட்டிருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. காப்பி ஆறுகிறது என்றார்.

அவரை எனக்கு முப்பது வருஷங்களாகத் தெரியும். அவர் மனைவி ஊரில் இல்லாத அந்த மாதங்களில் அதே பட்டணத்தில் இருந்துகொண்டு நான் அவரைப் பார்க்க ஒரு தடவைகூடப் போகவில்லை. காலையில் அவர் அனுப்புகிற பூங்கொத்துப் படத்துக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். நட்பு நடந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். கதையில் நான் விட்டது ஒரு காரணத்தை மட்டுமல்ல, ஒரு பாத்திரத்தையும்தான். அந்தப் பாத்திரம் நான்.

கதையைத் திருப்பி எழுதுவதென்று முடிவு செய்துகொண்டு, ஒரு ஏப்ரல் மாதம் பத்து நாள் வாழவந்திக்குப் போனேன்.

வாழவந்தி சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சேர்ந்த சிற்றூர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் ஏற்காடு ஏறுகிறது. அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் ஊடே போக வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தெரிந்த தோட்டத்தில் ஓர் அறை கிடைத்தது. சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடிகளும், கீழே காப்பிச் செடிகளும். இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். ஊரின் பெயர் என் காதில் "வாழ வந்தவள்" என்றே விழுகிறது. பத்து நாளைக்கு வந்தவனை அது கொஞ்சம் கேலி செய்வது போலவும் இருந்தது.

இந்த மலைகளின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் கொள்வார்கள். பேச்சு தமிழ்தான். அவர்களிடையே வழிவழியாக வரும் ஒரு கதை உண்டு. 1909இல் வெளியான தம் பெருநூலில் எட்கர் தர்ஸ்டனும் அதைக் குறித்திருக்கிறார். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாம். மூன்று சகோதரர்கள்: பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள். அதாவது, தமிழ்நாட்டின் மிகப் பழைய பட்டணங்களில் ஒன்றை விட்டுவிட்டு மலையில் வாழ வந்தவர்கள். பட்டணத்தைத் துறந்தவர்களின் ஊருக்கு, சட்டைப் பையில் பட்டணத்தை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன்.

கையோடு சில புத்தகங்களை எடுத்துப் போயிருந்தேன். பட்டணத்தை நம்முடைய எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று மறுபடி பார்த்துவிட்டு எழுதலாம் என்று எண்ணம்.

முதலில் புதுமைப்பித்தன். 1940களில் அவர் எழுதிய "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" என்ற கதையைத் தெரியாத வாசகர்கள் இருக்க மாட்டார்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். கடவுள் வந்து வழி கேட்கிறார். பிள்ளை கடவுளிடமும் தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா வாங்கிவிடப் பார்க்கிறார். இந்தக் கதையைச் சாமிக் கிண்டல் என்று படித்தவர்கள் உண்டு. எனக்கு எப்போதும் பட்டணத்துக் கதையாகவே படுகிறது. தெருமுனையில் எதிர்ப்படுகிறவர் யாராயிருந்தாலும், கடவுளாகவே இருந்தாலும், அவரால் நமக்கு ஆவது என்ன என்று கணக்குப் போட்டுப் பழகிவிட்ட மனசை அந்த மூலையில் புதுமைப்பித்தன் நிறுத்திவிட்டார். ஆனால் கதை அதோடு நின்றுவிடவில்லை. பிள்ளை கடவுளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. கணக்குப் போடுகிற மனிதனுக்கும் வீட்டுத் திண்ணை ஒன்று இருந்தது என்பதை மறக்காததால்தான் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

ஜெர்மன் அறிஞர் ஜியார்ஜ் ஸிம்மல் பெரும் பட்டணங்களின் மனநிலையைப் பற்றி 1903இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பட்டணத்தில் ஒரு நாளைக்குக் கண்ணிலும் காதிலும் வந்து மோதுகிற விஷயங்கள் எண்ணற்றவை. எல்லாவற்றுக்கும் மனசைக் கொடுத்தால் மனிதன் பிழைக்க மாட்டான். ஆகவே ஓர் அலட்சியத்தை, ஒரு விறைப்பைக் கவசம் போல வளர்த்துக்கொள்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வருஷக்கணக்கில் வாழ முடிவது அந்தக் கவசத்தினால்தான். ஸிம்மல் எழுதியது பெர்லின் நகரை மனத்தில் வைத்து. ஆனால் நம் வேளச்சேரிக்கும் அம்பத்தூருக்கும் அப்படியே பொருந்துகிறது. அவர் காணாத ஒன்றை நாம் பார்க்கிறோம். பகலெல்லாம் கவசத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் ராத்திரி வீட்டுக்கு வந்து அதைக் கழற்றியதும், தன்னை மோதுவதற்கு எதுவும் இல்லையே என்று தவிக்கிறான். மோதலைத் தானே கையில் வாங்கி வைத்துக்கொள்கிறான். பகலில் ஆயிரம் முகங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன் ராத்திரி ஆயிரம் முகங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்.

அடுத்தது அசோகமித்திரனின் "தண்ணீர்". 1970களில் வெளிவந்த சிறிய நாவல். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர் வரவில்லை. இந்த ஒரு குறையிலிருந்து ஜமுனா என்ற பெண்ணின் வாழ்க்கை முழுவதும் நமக்குத் தெரியவருகிறது. இதில் நான் கவனித்துக் கற்க வேண்டியிருந்தது ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாததைப் பற்றி அசோகமித்திரன் பிரசங்கம் செய்வதில்லை. கார்ப்பரேஷனை வில்லனாக்கவும் இல்லை. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்த அலைச்சலிலேயே யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார் பேரில் பொறாமை, யாருக்கு யார் பேரில் இரக்கம் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. நான் என் கதையில் ரம்மியை வில்லனாக்கினேன். அவர் கையில் அது வெறும் குடமாக இருந்திருக்கும்.

இனி இந்தக் காலத்து விஷயத்துக்கு வருவோம். நாவலாசிரியர்களைவிடச் சினிமாக்காரர்களே இதில் முந்திக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் எழுதி இயக்கி நடித்த "லென்ஸ்". தமிழில் 2017இல் வந்தது. முகம் தெரியாத பெண்களோடு இணையத்தில் காமப் பேச்சுப் பேசுகிற பழக்கத்தில் விழுந்த ஒருவன். அதே வீட்டில் மனைவி. அந்நியன் ஒருவன் இணையத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு, தான் சாகப் போவதை அவன் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும் என்கிறான். பார்ப்பதே பிழைப்பாகப் போய்விட்டவனைப் பார்க்கச் சொல்லியே தண்டிப்பது தைரியமான கற்பனை. முதல் அரை மணி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவனின் அவசரம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் படம் போகப் போகப் பழிவாங்கும் கதையாகிவிடுகிறது. குற்றம் ஒன்று நடந்திருக்கிறது, அதற்குத் தண்டனை கிடைக்கிறது என்று ஆனதும் கொட்டகையிலிருந்து நாம் நிம்மதியாக எழுந்து வந்துவிடுகிறோம். நாம் அந்தக் குற்றம் செய்தவர்கள் அல்லவே! கதவைச் சாத்திக்கொள்கிற அந்த முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் நாம் எல்லோரும் பொறுப்பாளிகள். அதைப் படம் பாதியில் விட்டுவிடுகிறது.

மற்றொன்று, பிரதீப் ரங்கநாதனின் "லவ் டுடே"; 2022. காதலர்கள் இருவர் ஒரு நாள் தங்கள் செல்போன்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் நிபந்தனை போடுகிறார். கேலிக்கூத்து மாதிரி ஆரம்பிக்கிற இந்தப் படத்தில் என் மனத்தில் நிற்பது ஒரு மாங்கொட்டை. சிறு பையன் ஒருவன் அதை மண்ணில் ஊன்றிவிட்டு, முளைத்ததா என்று தினம் தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். படம் அதை நம்பிக்கைக்கு அடையாளமாக வைத்திருக்கிறது. நான் அதை வேறு விதமாகவே பார்த்தேன். மணிக்கு இருபது தடவை செல்போனை எடுத்து, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிற நம்முடைய கையை இதைவிடச் சரியாக யாரும் காட்டவில்லை. இரண்டு படங்களுக்குமே பொதுவான குறை ஒன்று: செல்போனுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதிலேயே கண்ணாக இருக்கின்றன. ரகசியம் வெளிப்படுவது கதைக்கு வசதி. ரகசியமே இல்லாத மனிதர், யாருக்கும் துரோகம் செய்யாதவர், வெறுமனே விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறவர் இருக்கிறாரே, அவரை வைத்துக் கதை சொல்வது கஷ்டம். ஆனால் ஊரில் அவர்தான் அதிகம்.

வைத்தியர்களும் சட்டக்காரர்களும் இந்த மனிதரைத் தேடித்தான் வருகிறார்கள். 1995இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பெர்க், இணைய அடிமைத்தனம் என்று ஒரு வியாதியைக் கேலிக்காக ஜோடித்து, அதற்கு லட்சணங்களும் எழுதினார். எனக்கு அந்த வியாதி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அதே 1995 ஆகஸ்டு 15ஆம் தேதிதான் நம் தேசத்தில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. கேலி கேலியாக நிற்கவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி 2014இல் இதற்கென்றே ஒரு பிரிவை ஆரம்பித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் தன் வியாதிப் பட்டியலில் இணைய விளையாட்டு வெறியைச் சேர்த்தது. அது 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

சட்டத்தின் கதையும் நீளமானதே. தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு. பிறகு புதிய சட்டம். கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள், அவற்றை அடியோடு தடுக்க முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம் என்று நீதிமன்றம் சொல்லிற்று. 2025 பிப்ரவரியில் அரசு விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை ஆட்டம் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்த ஜூனில் நீதிமன்றம் விதிகளை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் பாராளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பணம் இழந்து உயிரையும் விட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. சட்டம் வரவேண்டியதுதான். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை என்று அந்த விதியை எழுதியவர் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர் என்றே சொல்வேன். எந்த நேரத்தில் மனிதன் தனியாக இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது சட்டத்தின் வேலை அல்ல; கதையின் வேலை. என் நண்பர் இப்போது ரம்மி ஆடுவதில்லை. ஆட்டமே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிறார். யாரோ ஒருவர் பரோட்டா அடிக்கிறார், யாரோ ஒருவர் லாரியைப் பின்னால் எடுக்கிறார், யாரோ ஒரு குழந்தை நடனமாடுகிறது. பணம் போகவில்லை, ஆகவே யாருக்கும் கவலை இல்லை. அந்த வீட்டில் அந்த நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் நாவலாசிரியனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. செல்போனில் ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்தது தானாகவே வந்து நிற்கிற ஏற்பாட்டை 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற இளைஞர் உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருத்தமும் தெரிவித்தார். அவரைக் கண்டிக்க எழுத்தாளர்களுக்கு என்ன யோக்கியதை என்று எனக்குச் சந்தேகம். "தொடரும்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் செய்ததென்ன? கதாநாயகி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் அத்தியாயத்தை வெட்டி, அடுத்த வாரம் வரை வாசகனைத் தவிக்க விடுவதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் நன்றாகவே கற்றிருந்தன. நானும் செய்திருக்கிறேன், அதில் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். 1950இலிருந்து 1954 வரை "பொன்னியின் செல்வன்" வாராவாரம் வந்தபோது பத்திரிகையை யார் முதலில் பிரிப்பது என்று வீடுகளில் சண்டை நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதுவும் ஒரு வெறிதானே?

வெறிதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன. தொடர்கதைக்கு ஒரு முடிவு உண்டு. மூன்றரை வருஷமானாலும் "முற்றும்" என்று போட்டே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் கதை வாசகனிடத்தில் இருந்தது. வந்தியத்தேவன் என்ன ஆவான் என்று பஸ்ஸிலும் அடுக்களையிலும் ஆபீசிலும் அவர்கள் பேசிக்கொண்டார்கள். கல்கி எழுதாத அத்தியாயங்களை ஒவ்வொரு வீடும் எழுதிற்று. ரீல்ஸுக்கு நடுவே அந்த இடைவெளி இல்லை. ஒன்றைப் பற்றி நினைப்பதற்குள் அடுத்தது வந்து அதை அழித்துவிடுகிறது. நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைப் பற்றி இன்னொருவரிடம் பேசவும் முடியாது. பேச முடியாத அநுபவம் மனிதனை மேலும் தனியாக்கிவிடுகிறது. தனிமைக்கு மருந்தாக மறுபடி அதையே எடுக்கிறான்.

வாழவந்தியில் முதல் மூன்று நாள் கதை ஒரு வரி ஓடவில்லை. அறையில் சிக்னல் கிடையாது. இருந்தும் கை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டைப் பைக்குப் போயிற்று. புத்தி போகச் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று. ஒரு வருஷமாகப் பாதியில் நின்றிருந்த பெரிய நாவல் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் மனசு எங்கோ போய் வந்தது. நாவல் எழுதுகிறவனுக்கு நாவல் படிக்க முடியவில்லை என்பது வெளியில் சொல்லக்கூடிய விஷயமா?

நாலாம் நாள் சாயங்காலம் நடக்கப் போனேன். தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை. அங்கே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். சிக்னல் கிடைக்கிற இடம் அதுவாம். இளைஞர்கள் சிலர் குனிந்த தலை நிமிராமல் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வேளச்சேரியில் பார்த்த அதே கழுத்து, அதே விரல். பாறை ஓரத்தில் ஓர் அம்மாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டாள். பேசி முடித்ததும் போனை முந்தானையில் முடிந்துகொண்டு, "சாருக்கும் இங்கதான் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க" என்று எனக்கு இடம் காட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

நம்முடைய நாவல்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பட்டணம் என்றால் கெட்டது. கிராமம் என்றால் நல்லது. பட்டணத்தில் கெட்டுப்போனவன் ஊருக்குத் திரும்பினால் குணமாகிவிடுவான். இப்போதும் இணைய நோய்க்கு இந்த வைத்தியத்தைத்தான் கதைகளில் சொல்கிறார்கள்: மலைக்குப் போ, செல்போனை அணைத்துவை, குருவிச் சத்தத்தைக் கேள். அந்தப் பாறையில் நின்றவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே பொருள் ஓர் இளைஞனுக்கு மறதியாகவும் ஒரு தாய்க்கு மகனாகவும் இருக்கிறது. மலையைப் பற்றி எழுதுகிறவர் ராஜம் கிருஷ்ணனின் "குறிஞ்சித் தேன்" நாவலைப் பார்க்க வேண்டும். 1963இல் வந்தது, நீலகிரிப் படகர்களின் வாழ்க்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சியை வைத்துக் காலத்தை அளந்து, தேயிலையும் பணமும் அணைக்கட்டும் ஒரு சமூகத்துக்குள் எப்படி வந்து சேருகின்றன என்று காட்டுகிறார். மலையை அவர் மருந்தாக உபயோகிக்கவில்லை. அங்கேயும் ஆசை உண்டு, போட்டி உண்டு என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் எந்த மாறுதலும் ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் நடுவில் மனிதர்கள் மனசுக்குள் போய் ஊறுவதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.

நான் போவதற்கு ஒரு வாரம் முன்பு மலையில் நல்ல மழை பெய்திருந்தது. ஆறாம் நாள் காலை மேஸ்திரி வந்து, "பூ வந்துடுச்சு சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ஒரே ராத்திரியில் தோட்டம் முழுவதும் காப்பிப் பூ. கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த வாசனை. இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும் என்றார். நான் என்ன செய்தேன்? செல்போனை எடுத்துப் பத்துப் பதினைந்து படம் பிடித்தேன். பிறகு அவற்றை நண்பர்களுக்கு அனுப்புவதற்காகப் பாறைக்குப் போனேன். அனுப்பினேன். யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பதற்காக அங்கேயே உட்கார்ந்தேன். கட்டைவிரல் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். பூ இருந்தது. எனக்காக அதைக் காட்ட நின்ற மனிதர் இல்லை.

அன்று ராத்திரிதான் கதை பிடிபட்டது. என் பழைய கதையில் பணம் எப்படிப் போயிற்று என்பதைப் படிப்படியாகச் சொல்லியிருந்தேன். இப்போது பணத்தை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினேன். அவர் ஒருவருக்கு மட்டும் அரிசி களைகிறார். அளவு தெரியாமல் அதிகமாகப் போட்டுவிடுகிறார். லிப்டில் ஒரு பையனைப் பார்த்துச் சிரிக்கிறார். பையன் காதில் எதையோ மாட்டியிருக்கிறான். காவல்காரரோடு பேச ஒரு சாக்குத் தேடிக் கீழே இறங்குகிறார். நண்பர் ஒருவருக்குப் போன் செய்யலாமா என்று நினைத்து, நேரமாகிவிட்டதே என்று விட்டுவிடுகிறார். அந்த நண்பர் அந்த நேரம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். தன்னுடைய செல்போனைப் பார்த்துக்கொண்டு. பதினொரு மணிக்கு மணி அடிக்கிறது. ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். கதை அங்கே முடிகிறது.

நல்ல கதையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னதைவிட உண்மையானது. "ஒவ்வொரு குடும்பத்திலும் படிக்க வேண்டிய கதை" என்று இதற்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

இந்த விஷயத்தை எழுத வருகிற இளைஞர்களுக்கு என் அநுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். செல்போனுக்குள் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதை எடுப்பதற்கு ஒரு நிமிஷம் முன்பு அந்த அறையில் என்ன இருந்தது, யார் இல்லை என்பதை எழுதுங்கள். பட்டணத்தைத் திட்டாதீர்கள், மலையைப் புகழாதீர்கள். எழுதுகிறவனையும் கதைக்குள் ஒரு மூலையில் உட்கார வையுங்கள்.

ஊர் திரும்பியதும் கதையைப் பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை அதைத் திருப்பிப் பார்த்தார். நான் இரண்டு தடவை. ஐந்தாம் தடவை இருவர் கையும் ஒரே சமயத்தில் போயிற்று. அந்த அம்மாள் தோசைக் கரண்டியோடு வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் சிரித்துவிட்டோம். கதையை அன்று அவரிடம் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.